மிருகம் என்ற ஒற்றைச் சொல்

புளியங்கூடலில் எங்கள் பழைய வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு இருக்கிறது, பூவரசு இருக்கிறது, வேலியிருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை இருக்கிறது. 1990இல் தீவகத்தை விட்டு ஓடிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அங்கே போய், கிணற்றுக்கட்டில் சிறிது நேரம் இருந்துவிட்டு வருவது வழக்கம். திரும்பும் வழியில் சந்தித் தேநீர்க்கடையில் ஒரு பிளேன்ரீ குடிப்பதும் வழக்கம்.

இம்முறை அந்தக் கடையில் புங்குடுதீவு மாணவியின் கதை எழுந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகியும் தீவகத்தில் எந்தப் பேச்சும் சுற்றிச்சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. என் தந்தையாரின் வயதையொத்த ஒரு பெரியவர், என்னை அடையாளம் கண்டுகொண்டு, "தம்பி, நீர் பேப்பர்க்காரன். ஒண்டு சொல்லும். அதுகள் மனிசரே? மிருகங்கள். தூக்குத் தீர்ப்புக் குடுத்து எத்தினை வருசம். இன்னும் சோறு போட்டு வைச்சிருக்கினம்" என்றார். கடையிலிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பஸ்ஸில் ஏறி அமர்ந்த பின்னர்தான் அந்தத் தலையாட்டல் என்னை உறுத்தத் தொடங்கியது.

நடந்ததைச் சுருக்கமாக மீட்டுக்கொள்வோம். அந்த மாணவியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதவேண்டிய அளவுக்கு மேல் நாங்கள் அதை எழுதித் தீர்த்துவிட்டோம். படத்தையும் போட்டுத் தீர்த்துவிட்டோம். 2015 மே 13ஆம் திகதி காலை பாடசாலைக்குப் புறப்பட்ட பதினெட்டு வயதுப் பிள்ளை வீடு திரும்பவில்லை. மறுநாள் பற்றைக்குள் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டாள். மே 20இல் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தின்மீது கல்லெறி நடந்து நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். பிரதான எதிரிகளில் ஒருவர் தப்பிச் செல்ல உதவினார் என்ற சந்தேகத்தில் 2017 ஜூலையில் உயர் பொலிஸ் அதிகாரி ஒருவரே கைதுசெய்யப்பட்டார். நீதிபதிகள் சசிமகேந்திரன், இளஞ்செழியன், பிரேமசங்கர் ஆகிய மூவரைக் கொண்ட ட்ரயல் அட் பார் தீர்ப்பாயம் 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி தீர்ப்பளித்தது. ஒன்பது எதிரிகளில் எழுவருக்கு மரண தண்டனை, இருவர் விடுதலை. இந்நாட்டில் 1976க்குப் பிறகு தூக்குத் தண்டனை எதுவும் நிறைவேற்றப்பட்டதில்லை. பெரியவரின் கோபம் அங்கிருந்து வருகிறது.

என்னை உறுத்தியது வேறு. ஏழு பேர். அந்த ஏழு பேரும் ஒரே மனிதனா? ஒரே மனநிலையோடா அந்தக் காலையில் அந்தப் பாதையோரம் நின்றார்கள்? படம்பிடித்து வெளிநாட்டுக்கு விற்கும் நோக்கம் இருந்தது என்பது வழக்குத் தொடுநர் தரப்பின் வாதங்களில் ஒன்று. அப்படியாயின் அங்கே கணக்குப் பார்த்தவன் ஒருவன் இருந்திருக்க வேண்டும். அவன் பேச்சைக் கேட்டு வந்தவன் ஒருவன், கூட்டாளிகள் முன்னிலையில் பின்வாங்க வெட்கப்பட்டவன் ஒருவன், உள்ளூர ஒரு வன்மத்தைச் சுமந்து திரிந்தவன் ஒருவன் எனப் பலரும் அந்தக் கும்பலுக்குள் இருந்திருக்கக்கூடும். இவற்றை நான் ஊகமாகவே சொல்கிறேன். தீர்ப்பாயத்தின் வேலை குற்றம் நிரூபணமானதா என்று பார்ப்பது. மனத்தை அளப்பது அதன் வேலையன்று. ஆனால் அந்த வேலையை வேறு எவரும் செய்ததாகவும் தெரியவில்லை.

"மிருகம்" என்ற சொல் வந்தவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. மிருகங்களுள் வகை பிரிக்க யாருக்கு மனம் வரும்?

எங்கள் தொழிலில் இதற்கு இன்னொரு சொல் இருந்தது: காமுகன். சற்றுப் பெரிய தலைப்பு வேண்டுமானால் காமவெறியன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இரவுப் பணியிலிருந்த நாட்களில், இந்தச் சொல்லை நானே எத்தனை தடவை தலைப்பில் ஏற்றியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. நான்கு பத்திக்கு நிறைவாக வரும் சொல், விற்பனையும் கூடும். "கற்பழிப்பு" என்ற சொல்லைக் கைவிட்டு "பாலியல் வல்லுறவு" என்று எழுத வேண்டும் எனப் பெண்கள் அமைப்புகள் போராடியபோது அதை ஏற்றுக்கொண்டோம். நல்லது. பாதிக்கப்பட்டவளைக் குறித்த சொல் திருந்திற்று. குற்றவாளியைக் குறித்த சொல் மட்டும் திருந்தவில்லை. அந்தச் சொல்லுக்குள் ஒரு கோட்பாடே ஒளிந்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இது அடக்கமுடியாத ஆசையினால் வரும் குற்றம் என்பதே அந்தக் கோட்பாடு.

அந்தக் கோட்பாட்டை முதலில் பலமாக அசைத்தவர் நிக்கொலஸ் குரோத் என்ற அமெரிக்க உளவியலாளர். சிறைகளிலும் சிகிச்சை நிலையங்களிலும் ஏறத்தாழ ஐந்நூறு பாலியல் குற்றவாளிகளோடு பேசிப் பழகி, 1979இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது மூன்று வகையினரை. முதல் வகையினருக்கு அந்தச் செயல் அதிகாரத்தின் நிரூபணம்: தன் இயலாமையையும் தாழ்வுணர்ச்சியையும் மறைக்க இன்னொருவரை அடக்கிக் காட்டுதல். இரண்டாம் வகையினருக்கு அது கோபத்தின் வடிகால். மனைவிமீதோ தாய்மீதோ உலகத்தின்மீதோ இருந்த ஆத்திரம், வழியில் அகப்பட்டவள்மீது இறங்குகிறது. தேவைக்கு மேற்பட்ட அடி, தேவைக்கு மேற்பட்ட வசை. மூன்றாம் வகையினருக்கு மற்றவரின் வேதனையே இன்பம். தம்மிடம் வந்தவர்களில் சுமார் 55 விழுக்காட்டினர் முதல் வகை, 40 விழுக்காட்டினர் இரண்டாம் வகை, 5 விழுக்காட்டினர் மட்டுமே மூன்றாம் வகை என்று அவர் கணித்தார். நாங்கள் "மிருகம்" என்று சொல்லும்போது மனக்கண்ணில் வருபவன் அந்த ஐந்து விழுக்காட்டுக்காரன். மற்றவர்களை நாங்கள் தேடுவதேயில்லை.

குரோத் சொன்னதே முடிந்த முடிபன்று. மசச்சூசெற்ஸ் சிகிச்சை நிலையத்தில் ரேமண்ட் நைற், ரொபேர்ட் பிரென்ற்கி ஆகிய இருவரும் புள்ளிவிவர முறைகளைக் கொண்டு அந்த வகைகளைச் சோதித்தபோது படம் மேலும் சிக்கலாயிற்று. திட்டமிடாமல், சந்தர்ப்பம் கிடைத்ததால் மட்டும் செய்தவன் என்று ஒரு வகை தெளிவாகப் புலப்பட்டது. அவன் களவெடுக்கப் போன வீட்டில் தனியே ஒரு பெண்ணைக் கண்டவன். களவுக்கும் இதற்கும் அவன் மனத்தில் பெரிய வேறுபாடில்லை. அத்துடன், எல்லாம் அதிகாரம்தான், பாலுணர்வுக்கு இதில் இடமேயில்லை என்ற எதிர்முனைக் கருத்தும் நிலைக்கவில்லை. பாலியல் கற்பனைகளே உந்தித்தள்ளிய குற்றவாளிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

வயதுவந்த பெண்மீது வன்முறை செய்தவனும் சிறுவர்மீது கைவைத்தவனும் எவ்வளவு வேறுபட்டவர்கள் என்பதுதான் இந்த ஆய்வுகளில் என்னை அதிகம் நிறுத்திய இடம். முன்னவன், பெரும்பாலும், ஏனைய குற்றவாளிகளைப் போன்றவன். இளவயது, அடிதடி, திருட்டு, குடி, பொறுப்பின்மை என்று பொலிஸ் ஏட்டில் முன்பே பெயர் இருக்கும். பின்னவனின் ஏட்டில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வயது கூடியவனாக இருப்பான். ஊரில் நல்ல பெயர் இருக்கும். பெரியவர்களோடு பழகக் கூச்சம். பிள்ளைகளோடு பழகுவதே ஆறுதல் என்று சிலர் வாக்குமூலம் தருகிறார்கள். "பிள்ளைக்கும் விருப்பம்தான்", "நான் அடிக்கவில்லையே", "சொல்லிக்கொடுத்தேன்" எனத் தமக்குத்தாமே கட்டிவைத்த நியாயங்கள் அவர்களிடம் ஏராளம். இவர்களுக்குள்ளும் பிரிவுண்டு. சிறுவர்மீதே நிலைத்த நாட்டமுடையவர்கள் ஒரு சாரார். அத்தகைய நாட்டம் இல்லாமலே, வாழ்க்கை நெருக்கடியில், குடியில், தனிமையில், வீட்டுக்குள் எட்டிய பிள்ளைமீது கை வைத்தவர்கள் இன்னொரு சாரார். வீட்டுக்குள் நிகழ்த்துபவன் வெளியே தேடித்திரிபவனைவிட மீண்டும் தண்டனை பெறுவது குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவன் நல்லவன் என்பது இதன் பொருளன்று. எட்டக்கூடிய பிள்ளை இல்லாமற்போவதும், வீட்டுக்குள் நடப்பது முறைப்பாடாக வெளியே வராதிருப்பதும் அதில் அடக்கம்.

டேவிட் ஃபிங்கெல்ஹோர் என்ற சமூகவியலாளர் 1984இல் இதை வேறுவிதமாகச் சொன்னார். ஒருவன் ஒரு பிள்ளையை நெருங்குவதற்கு முன் நான்கு தடைகளைத் தாண்டுகிறான்: நோக்கம் உண்டாக வேண்டும், தன் மனச்சாட்சி அடங்க வேண்டும், பிள்ளையைச் சுற்றியுள்ள காவல் விலக வேண்டும், பிள்ளையின் எதிர்ப்பு ஓய வேண்டும். முதலிரண்டும் அவனுக்குள் இருப்பவை. மூன்றாவது எங்களிடம் இருக்கிறது. தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போய், தகப்பன் கடலுக்குப் போய், அம்மம்மாவுக்குக் கண் மங்கிய ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் ஆளில்லா வளவுகளும் பாழ்கிணறுகளும் பற்றைகளும் நிறைந்த ஒரு பாடசாலைப் பாதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூரையற்ற வீடும் அப்படியொரு பாதையில்தான் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கும் தீவகத்தவர் பலருடைய வீடுகளும் அப்படித்தான் நிற்கின்றன. வளவைத் துப்புரவாக்க ஊரில் ஒருவருக்குக் காசு அனுப்பிவைப்பது கோயில் திருவிழாவுக்கு அனுப்புவதைவிடச் சிறிய தொகைதான்.

கும்பலாகச் செய்பவர்கள் இன்னொரு சிக்கல். 2018இல் சென்னை அயனாவரத்தில், செவிப்புலன் குறைந்த ஒரு சிறுமியை அவள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் பணியாளர்கள் மாதக்கணக்கில் சீரழித்தார்கள். 2020 பெப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. மின்தூக்கி இயக்குபவர், காவலாளி என நாள்தோறும் அந்த வீட்டுக்காரருக்கு வணக்கம் சொன்னவர்கள். பதினைந்து பேருக்கும் பிறவியிலேயே ஒரே கோளாறு, அவர்கள் தற்செயலாக ஒரே கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று எவரால் நம்ப முடியும்? ஒருவன் தொடங்கினான், மற்றவர்களுக்கு "அவனும்தானே" என்பது போதுமானதாக இருந்தது. பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்துக் கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 2025 மே 13. புங்குடுதீவுப் பிள்ளை காணாமற்போய்ச் சரியாகப் பத்தாண்டுகள். அங்கேயும் படம்பிடித்தல், அங்கேயும் நண்பர் கூட்டம்.

இதுவரை சொன்னவை யாவும் தண்டனை பெற்றவர்களைப் பற்றியவை. இங்கேதான் ஒரு பத்திரிகையாளனாக எனக்கு இந்த ஆய்வுகள்மீது ஒரு பெரிய மனக்குறை உண்டு. சிறைக்குள் இருப்பவனை மட்டுமே உளவியலாளர் அளக்கிறார். சிறைக்கு வராதவனை யார் அளப்பது? அதே புங்குடுதீவில் 1999 டிசெம்பரில் ஓர் இளம்பெண் வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுச் சிதைத்துக் கொல்லப்பட்டாள். 2005 டிசெம்பரில் இன்னொரு பெண்ணின் உடல் கிணற்றில் கிடந்தது. ஊர் கடற்படையைச் சுட்டியது. இரண்டிலும் எவரும் தண்டிக்கப்படவில்லை. படையினர் தண்டனை பெற்ற அபூர்வ வழக்கொன்று உண்டு: 1996 செப்டெம்பரில் செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பாடசாலை மாணவியின் வழக்கு. தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கூடக் கொல்லப்பட்டார்கள். 1998இல் மரண தண்டனை பெற்ற படையினருள் ஒருவர் வாய்திறந்ததனால்தான் செம்மணிப் புதைகுழிகளின் கதையே வெளியே வந்தது. துப்பாக்கியும் சீருடையும் காவலரணும் சேர்ந்து ஒருவனுக்குத் தரும் அந்த அதிகாரம் குரோத்தின் எந்த வகைக்குள் அடங்கும்? அவர் பேசிய கைதிகள் எவருக்கும் அரசு பின்னால் நின்றதில்லை.

இந்தக் குறையை ஓரளவு நிரப்பியது ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் ஆறு நாடுகளில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு. இலங்கையும் அதில் ஒன்று. சிறைக்குள் போகாமல் வீடுவீடாகச் சென்று, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண ஆண்களிடம் இரகசியமாகக் கேட்டார்கள். வல்லுறவு செய்ததாக ஒப்புக்கொண்டவர்களிடம் ஏன் என்று கேட்டபோது, ஏறத்தாழ நால்வரில் மூவர் சொன்ன காரணம் "எனக்கு வேண்டியிருந்தது, எனக்கு அந்த உரிமை உண்டு" என்ற பாங்கில் இருந்தது. பாதிக்கு மேற்பட்டோர் பொழுதுபோக்கு, சலிப்பு என்றனர். மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் தண்டிப்பதற்காக என்றனர். பாதிக்கு மேற்பட்டோர் முதன்முதலில் அதைச் செய்தது பதின்ம வயதில். மிகப் பெரும்பாலோர் சட்டத்தின் எந்த விளைவையும் சந்திக்காதவர்கள். சிறையில் குரோத் கண்ட கோபமும் வேதனையும் இவர்களிடம் முன்னால் நிற்கவில்லை. "எனக்கு உரிமை உண்டு" என்பதே முன்னால் நிற்கிறது. டில்லி திகார் சிறையில் நூறு வல்லுறவுக் குற்றவாளிகளைச் சந்தித்த மதுமிதா பாண்டே என்ற இளம் ஆய்வாளரும் 2017இல் இதையொத்ததையே சொன்னார்: அரக்கர்களைச் சந்திக்கப் போவதாக எண்ணிச் சென்றேன், கண்டதோ சாதாரண ஆண்களை. அவர்களில் உண்மையாக வருந்தியவர்கள் மிகச் சிலர்.

"இதெல்லாம் தெரிந்து என்ன பயன்? செய்தவனுக்குத் தண்டனை கொடுத்தால் போதாதா?" என்று வாசகர் கேட்கலாம். தண்டனை வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. எதிரியின் மனக்காயங்களைப் பட்டியலிட்டு அவனுக்கு இரக்கம் தேடுவதும் என் நோக்கமன்று. ஆனால் தூக்குத் தீர்ப்புப் பெறுபவர் சிலர். ஏனையோர் ஏழாண்டு, பத்தாண்டு கழித்து ஊருக்குத் திரும்புகிறவர்கள். எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டுக் குறைந்தபட்சச் சிறைக்காலங்கள் விதிக்கப்பட்டன. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையாயின் குறைந்தது பத்தாண்டு. 2008இல் உயர் நீதிமன்றம், அந்தக் கட்டாயக் குறைந்தபட்சம் நீதிபதியின் தற்றுணிபைக் கட்டுப்படுத்தாது என்று கூறிற்று. அதன் பின்னர் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு வீடு சென்றவர்களும் உண்டு. பதினெட்டு வயதுக் காதலனும் ஐம்பது வயது மாமனும் ஒரே பிரிவின்கீழ் நிற்கும்போது நீதிபதிக்குத் தற்றுணிபு வேண்டும் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் எதை வைத்துத் துணிவது? முன்னால் நிற்பவன் எத்தகையவன் என்று சொல்ல ஓர் உளவியல் அறிக்கையாவது மேசையில் இருக்க வேண்டாமா? என் கண்முன் நடந்த வழக்குகளில் நான் கண்டதெல்லாம் எதிரியின் சட்டத்தரணி எழுந்து, "இவருக்கு மூன்று பிள்ளைகள், மனம்வருந்துகிறார்" என்று சொல்வதும், எதிரிக்கூண்டில் நிற்பவர் அழுவதும்தான்.

அந்தக் கண்ணீரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கனடாவின் கார்ல் ஹன்சனும் சகாக்களும் 1998இலும் 2005இலும் உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மீண்டும் பாலியல் குற்றத்தில் பிடிபட்டவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு பேர். நாங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஆனால் அந்தப் பதினான்கு பேரை எப்படி அடையாளம் காண்பது? பிறழ்ந்த பாலியல் நாட்டமும் சமூகவிரோதச் சுபாவமுமே முன்கூட்டிக் காட்டும் முக்கிய அடையாளங்களாகத் தேறின. குற்றத்தை மறுத்தானா, ஒப்புக்கொண்டானா, பாதிக்கப்பட்டவருக்காக இரங்கினானா என்பவற்றுக்கும் மீண்டும் செய்வதற்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை. நீதிமன்றத்தில் நாங்கள் எடைபோடுவது எதுவோ அதற்கு எடையே இல்லை!

சீர்திருத்தமும் இலேசான காரியமன்று. இங்கிலாந்தின் சிறைகளில் தொண்ணூறுகளிலிருந்து பாலியல் குற்றவாளிகளுக்கெனக் குழுமுறைச் சிகிச்சையொன்று பெரும் நம்பிக்கையோடு நடந்துவந்தது. 2017இல் அந்நாட்டு நீதி அமைச்சே வெளியிட்ட மதிப்பீடு, சிகிச்சை பெற்றவர்களில் 10 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 8 விழுக்காட்டினரும் மீண்டும் குற்றம் செய்ததாகக் காட்டியது. திட்டம் கைவிடப்பட்டது. பலரையும் ஒரே வட்டத்தில் உட்காரவைத்துக் கதைசொல்லச் சொன்னதால், குற்றம் அவர்களுக்கு வழமையானதாகத் தோன்றியிருக்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அவர்களிடம் பணம் இருந்தது, உளவியலாளர் இருந்தார், தவறு என்று தெரிந்ததும் நிறுத்தும் நேர்மையும் இருந்தது. எங்கள் சிறைகளில் காலை நீட்டிப் படுக்கவே இடமில்லை.

இவற்றையெல்லாம் வாசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாட்களில் அந்தப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். கடையில் என் இலக்கத்தை வாங்கியிருந்தார். குரல் தணிந்திருந்தது. உறவுக்காரப் பிள்ளையொன்றைச் சீரழித்ததற்காகச் சிறை சென்ற ஒருவன் தண்டனைக் காலம் முடிந்து வருகிறானாம். வேற்றாள் இல்லை, பெரியவருக்கே ஒருவகையில் மருமகன் முறை. வீடு அவர் வளவுக்குப் பக்கத்து வளவு. அவருடைய பேத்திகள் இருவர் அந்த ஒழுங்கையால்தான் பாடசாலைக்குப் போய்வருகிறார்கள்.

"அவன் உப்பிடி ஆள் இல்லைத் தம்பி. சின்னனிலையிருந்து தெரியும். கோயில் கிணத்துக்குத் தனிய இறங்கிச் சேறு அள்ளினவன். குடிதான் கெடுத்தது எண்டு சொல்லுகினம்" என்றார். இம்முறை மிருகம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிள்ளையளை அந்த ஒழுங்கையாலை விடலாமோ?" என்று கேட்டார்.

சிறையில் யாராவது மனநல வைத்தியர் அவனோடு பேசினார்களா என்று கேட்டேன். "அதென்ன தம்பி?" என்றார். பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம், கூட ஒருவர் போய் வரட்டும், அவன் வீட்டுக்குத் தனியே எதற்கும் அனுப்ப வேண்டாம், பிள்ளைகளிடம் காரணத்தைப் பயமுறுத்தாமல் சொல்லி வையுங்கள் என்றேன். அதற்கு மேல் அவன் எத்தகையவன் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. "நானே கூட்டிக்கொண்டு போறன். சைக்கிள் உழக்க ஏலாது, நடந்து போவம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். அவருக்கு எண்பது வயதிருக்கும்.